பாஸ்பேட் ஒட்டினாலே நொதி வேலை செய்யுமா? கொழுப்புச் சமிக்ஞையில் வழக்கமாக நடக்கும் குழப்பங்கள்

செல்லுக்குள் பாஸ்பேட் ஒட்டிய நொதி என்றாலே அது வேலையில் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். கொழுப்பு விஷயத்தில் இந்தப் பழக்கம் காலை வாரிவிடும். கொழுப்புச் செல்லில் கொழுப்பை உடைக்கும் ஹார்மோன் சென்சிட்டிவ் லைப்பேஸ் என்ற நொதியின் மேல், பாஸ்பேட் ஒட்டும் வேலையைச் செய்யும் பிகேஏ என்ற இன்னொரு நொதி ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் அது வேகமெடுக்கிறது, சரி. ஆனால் செல்லில் ஆற்றல் குறையும்போது விழித்துக்கொள்ளும் ஏஎம்பிகே என்ற நொதி, கொழுப்பு தயாரிப்புக்கான மூலப்பொருளாகிய மலோனைல் கோஏவை உண்டாக்கும் அசிட்டைல் கோஏ கார்பாக்ஸிலேஸின் மேல் அதே பாஸ்பேட்டை ஒட்டினால் அந்த நொதி முடங்கிப்போகிறது. அது முடங்கினால் மலோனைல் கோஏ குறையும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு அமிலத்தை எரிக்க அனுமதிக்கும் வாயிலான சிபிடி1 நொதியை அதுவரை தடுத்து வைத்திருந்ததே இந்த மலோனைல் கோஏதான், ஆகவே கொழுப்பு தயாரிப்பது நின்று எரிப்பது தொடங்கிவிடுகிறது. எந்த நொதி, அதில் எந்த இடம் என்று பார்க்காமல் பாடப்புத்தகப் படத்தின் அம்புக்குறியை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை.

அப்புறம், கொழுப்பை உடைக்கும் முதல் கத்தி அந்த லைப்பேஸ்தான் என்று இன்னமும் எழுதுகிறார்கள். முதல் வெட்டு ஏடிஜிஎல் என்ற வேறொரு நொதியுடையது என்பது 2004லேயே தெரிந்துவிட்டது. கொழுப்பை உடைக்கத் தூண்டும் ஹார்மோன் என்று குளுக்ககானையும் இங்கே பெரிதாகப் போடுவார்கள். மனிதக் கொழுப்புச் செல்லில் அதன் பங்கு சொற்பம், அட்ரினலினும் நார்அட்ரினலினும்தான் முக்கியம்.

எனக்கு மிகவும் உறுத்துவது, 'இன்சுலின் எதிர்ப்பு என்றால் இன்சுலின் சொல்வது எதுவுமே எடுபடாது' என்ற எண்ணம். எதுவுமே எடுபடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பும் சேரக்கூடாதே? டைப் 2 நீரிழிவில் சர்க்கரை தயாரிப்பை நிறுத்தச் சொல்லும் கிளைதான் (ஃபாக்ஸோ1 என்ற மரபணு இயக்கும் புரதத்தின் வழியானது) தளர்கிறது, எஸ்ஆர்ஈபிபி-1சி என்ற இன்னொரு மரபணு இயக்கும் புரதத்தின் வழியாகக் கொழுப்பைத் தயாரிக்கச் சொல்லும் கிளை ஓடிக்கொண்டே இருக்கிறது, போதாததற்குக் கொழுப்புத் திசுவிலிருந்து கசியும் கொழுப்பு அமிலமும் கல்லீரலுக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் ரத்தத்தில் சர்க்கரையும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் சேர்ந்தே ஏறுகின்றன. செல்லில் இன்சுலினின் செய்தியைப் பெறும் ஏற்பியே பிறவியில் பழுதானவர்களுக்கோ சர்க்கரை ஏறினாலும் கல்லீரலில் கொழுப்பு சேர்வதில்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான ஸ்டாட்டினிலும் இதே அவசரம்தான். கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைப்பதோடு அதன் வேலை முடியவில்லை. கல்லீரல் செல்லின் எண்டோபிளாஸ்மிக் வலை என்ற உள்சவ்வில் கொலஸ்ட்ரால் குறைந்ததும், அங்கிருக்கும் எஸ்ஆர்ஈபிபி-2 என்ற புரதம் செல்லின் இன்னொரு உறுப்பான கோல்கிக்குப் போய் வெட்டுப்பட்டு, வெட்டுப்பட்ட துண்டு செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் எல்டிஎல் ஏற்பிகளைப் பெருக்குகிறது. ரத்தத்தில் எல்டிஎல் இறங்குவது பெரும்பாலும் இந்த ஏற்பிகளால்தான். ஆனால் அதே துண்டு, ஏற்பியை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தையும் கூடவே கூட்டிவிடுகிறது. ஸ்டாட்டின் அளவை இருமடங்காக்கினாலும் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்குகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.