ஆர்கேட் பட்டனுக்கு ரேபிட் ஃபயர் போர்டு நாமே செய்வது எப்படி

பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், விமானம் படபடவென்று சுட வேண்டும். ஜப்பானில் ஆர்கேட் நடத்துகிறவர்களே ஷூட்டிங் கேம்களில் இந்த வசதியைப் பொருத்தி வைப்பதுண்டு. போர்டு சின்னது, பாகங்களும் மலிவு.

ஜாமா கனெக்டர் உள்ள கேம் போர்டுகளில் (ஆர்கேட் இயந்திர வயரிங்குக்கு 1985-இல் வந்த பொதுத் தரம், 56 பின்) ஒவ்வொரு பட்டன் கம்பியும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டில் நிற்கும், அழுத்தினால் கிரவுண்டைத் தொடும், அவ்வளவுதான். ஆக, நம் போர்டு அந்தக் கம்பியைக் கிரவுண்டோடு சேர்த்துச் சேர்த்து விட்டால் போதும், அதற்குள் வோல்டேஜ் எதையும் தள்ளக் கூடாது.

எத்தனை வேகம் வைப்பது? எல்லாரும் நொடிக்கு 30 முறைக்குத்தான் ஆசைப்படுவார்கள். பெரும்பாலான கேம்கள் ஒரு ஃபிரேமுக்கு (திரையில் வரும் ஒரு படத்துக்கு) ஒரு முறைதான் பட்டனைப் பார்க்கும், ஃபிரேம்கள் நொடிக்கு 60-க்குப் பக்கத்தில், ஆகவே ஒரு ஃபிரேம் அழுத்தி ஒரு ஃபிரேம் விட்டால் 30 தான் உச்சம். ஆனால் நம் போர்டில் துடிப்பை உண்டாக்கும் டைமருக்கும் திரைக்கும் சம்பந்தமே இல்லை, 30-இல் ஓடவிட்டால் இரண்டும் மெல்ல மெல்ல விலகி, கேம் பார்க்கிற கணமும் பட்டன் மாறுகிற கணமும் ஒன்றாக விழும்போது குண்டுகள் விட்டுவிட்டு வரும். 15 வைத்தால் இரண்டு ஃபிரேம் அழுத்தம், இரண்டு ஃபிரேம் விடுப்பு, கொஞ்சம் விலகினாலும் ஒன்றும் ஆகாது. ஹட்சன் என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தின் தகாஹாஷி மெய்ஜின் வெறும் விரலாலேயே நொடிக்கு 16 முறை அழுத்திப் பேர் வாங்கியவர், அதனால் 15 ஒன்றும் குறைச்சல் இல்லை. கலாகா என்ற ஷூட்டிங் கேமில் ஒரு விமானத்துக்குத் திரையில் இரண்டு குண்டுக்கு மேல் வராது, அங்கே வேகத்தை ஏற்றி என்ன பயன்? பேட்டில் கரேகா (1996) என்ற கேமில் இன்னும் மோசம், சுடச் சுட கேமே கடினமாகிக்கொண்டு போகும்.

சரி, சர்க்யூட். சிமாஸ் (CMOS) வகை 555 டைமர் ஐசி (டிஎல்சி555 மாதிரி) வாங்குங்கள், சாதா என்இ555 ஒவ்வொரு முறை மாறும்போதும் சப்ளையை ஒரு உதை உதைக்கும். 1-ஆம் பின் கிரவுண்ட், 4-உம் 8-உம் 5 வோல்ட். 8-க்கும் 7-க்கும் நடுவில் 1கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், இது ஆர்1. 7-க்கும் 6-க்கும் நடுவில் 22கே ரெசிஸ்டரோடு வரிசையாக ஒரு 100கே பாட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்), இரண்டும் சேர்ந்து ஆர்2. 6-ஐயும் 2-ஐயும் சேர்த்து, அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் (இது சி) கிரவுண்டுக்கு. 5-ஆம் பின்னிலிருந்து 10 நானோஃபாரட், அதுவும் கிரவுண்டுக்கு. ஐசியை ஒட்டியே 100 நானோஃபாரட் ஒன்று சப்ளைக்குக் குறுக்கே இருக்கட்டும். கணக்கு 1.44 ÷ ((ஆர்1 + 2ஆர்2) × சி), பாட்டைத் திருகினால் நொடிக்கு ஏறக்குறைய 6-லிருந்து 32 வரை கிடைக்கும், ஆர்2 மொத்தம் 47கே வரும் இடத்தில் 15.

3-ஆம் பின்னிலிருந்து 4.7கே வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டர் கிரவுண்டில். கலெக்டர்தான் இனி நம் 'துடிக்கும் கிரவுண்ட்'. பிசி547-க்குப் பதில் 2என்3904 போடுகிறவர்கள் கவனம், இரண்டுக்கும் கால் வரிசை நேர் எதிர்.

வயரிங்கில் ஸ்விட்ச் வைத்து மாற்றிக்கொண்டிருப்பதைவிடத் தனியாக ஒரு பட்டன் வைப்பதே எனக்குப் பிடிக்கும். முதல் பட்டன் எப்போதும்போல நேராகக் கிரவுண்டுக்கு. கேமுக்குத் தேவைப்படாத மூன்றாவது பட்டனின் ஒரு காலை முதல் பட்டனின் சிக்னலோடு (ஜாமாவில் 22-ஆம் பின்), இன்னொரு காலைக் கலெக்டரோடு இணையுங்கள். டோடோன்பாச்சி ஷூட்டிங் கேம் மாதிரி, தட்டினால் ஷாட், பிடித்தால் லேசர் என்று இருக்கிற கேமில் இரண்டு பட்டனும் தனித்தனியாக இருப்பதன் அருமை தெரியும். சான்வா, செய்மிட்சு ஆகிய ஜப்பானிய நிறுவனப் பட்டன்களுக்கு 2.8 மி.மீ. டெர்மினல், அமெரிக்க வகை மைக்ரோஸ்விட்சுக்கு 4.8. 5 வோல்ட் சப்ளையை ஜாமாவின் 3 அல்லது 4-ஆம் பின்னில் எடுங்கள். 6-இல் இருப்பது 12 வோல்ட், கை தவறி அங்கே போய்விடாதீர்கள்.

30 வேண்டியே தீரும் என்றால் 555-ஐ விட்டுவிடுங்கள். ஜாமாவின் பி (P) பின்னில் வரும் சிங்க் சிக்னலை (திரையின் படங்களை ஒழுங்குபடுத்தும் சிக்னல்) 1கே, 330 ஓம் கொண்டு 1 வோல்ட் அளவுக்கு இறக்கி, 0.1 மைக்ரோஃபாரட் வழியாக எல்எம்1881-க்கு (சிங்க்கைப் பிரித்தெடுக்கும் ஐசி) கொடுத்தால் அதன் 3-ஆம் பின்னில் ஃபிரேமுக்கு ஒரு துடிப்பு வரும். அதை ஒரு ஏடிடைனி85 (சின்ன மைக்ரோகன்ட்ரோலர்) எண்ணி, ஃபிரேம் மாறும்போது மட்டும் டிரான்சிஸ்டரை மாற்றினால் விலகல் என்ற பேச்சே கிடையாது.

பெர்ஃபோர்டில் (துளைகள் உள்ள வெற்று போர்டு) சால்டர் செய்து ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கிகேட் (KiCad) மென்பொருளில் வரைந்து போர்டு அச்சடிக்கக் கொடுங்கள். கேமின் டெஸ்ட் மெனுவில் உள்ளீடு காட்டும் பக்கம் இருந்தால் அங்கே பட்டனைப் பிடித்துப் பாருங்கள். எண் துடிக்காமல் அப்படியே நின்றால் டிரான்சிஸ்டர் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.