தவறான வேலையைச் செய்யச் சொல்லும்போது: எப்போது, யாரிடம், எப்படித் தெரிவிப்பது

"இந்த பில்லில் மட்டும் போன மாதத் தேதியைப் போட்டுவிடுங்கள்" என்று மேலாளர் சொல்லும்போதும், "யாரிடமும் சொல்ல வேண்டாம், இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்புங்கள்" என்று நிர்வாக இயக்குநர் பெயரில் மின்னஞ்சல் வரும்போதும் ஊழியருக்கு முதலில் எழுவது குழப்பம்தான். தெரிவிக்கலாமா என்ற கேள்வி அதற்குப் பிறகே வருகிறது. தெரிவிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. எதை, யாரிடம், எந்தச் சொற்களில் தெரிவிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில், கேட்டவர் உண்மையிலேயே அவர்தானா என்று பார்க்க வேண்டும். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலக ஊழியர் ஒருவருக்கு இரகசியப் பணப் பரிமாற்றம் குறித்து ஒரு செய்தி வந்தது. அவருக்கு அதில் ஐயம் எழுந்தது. ஆனால் அடுத்து நடந்த காணொளிக் கூட்டத்தில் தெரிந்த முகங்களையே கண்டதால் ஐயம் நீங்கி, 15 தவணைகளில் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் அவர் கண்ட முகங்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். அவருடைய முதல் ஐயம் சரியாகவே இருந்தது; அதை மோசடிக்காரர்களே அமைத்த வழியில் தீர்த்துக்கொண்டதுதான் பிழை. எனவே, வந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பியோ அதில் உள்ள எண்ணை அழைத்தோ சரிபார்க்காமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அழையுங்கள் அல்லது நேரில் கேளுங்கள். போலி என்று தெரிந்தால் அழித்துவிட்டு நகர்ந்துவிடாமல் தகவல் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள், ஏனெனில் அதே வலை பக்கத்து மேசைக்கும் வீசப்பட்டிருக்கக்கூடும். பணம் போய்விட்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். பணத்தை இடையில் நிறுத்தும் வாய்ப்பு நேரம் போகப் போகக் குறையும்.

கேட்டவர் உண்மையான மேலதிகாரியாகவே இருந்தால் நிலைமை இன்னும் கடினம். உடனே மறுத்து வாதாடுவதைவிட, கோரிக்கையை எழுத்துக்குக் கொண்டுவருவது பயன் தரும். "நீங்கள் சொன்னபடி இந்த பில்லுக்குப் பழைய தேதி போட வேண்டும் என்று புரிந்துகொண்டேன். எந்த விதியின் கீழ் என்று தெரிவித்தால் கோப்பில் குறித்துக்கொள்கிறேன்" என்று பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். நேர்மையான கோரிக்கைக்கு விளக்கம் வரும். மற்றவை பெரும்பாலும் அந்த இடத்திலேயே கைவிடப்படும். "அதையெல்லாம் எழுதாதீர்கள்" என்று பதில் வந்தால், தெரிவிக்க வேண்டிய விஷயம்தான் என்பதில் ஐயம் வேண்டாம்.

"என்னிடம் ஆதாரம் இல்லையே" என்று தயங்குவோர் பலர். ஆதாரம் தேடுவது விசாரிப்பவர்களின் வேலை. நீங்களே துப்பறியப் புகுந்து, அனுமதியில்லாத கோப்புகளைத் திறந்தாலோ ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டுபோனாலோ குற்றச்சாட்டு உங்கள் மேல் திரும்பிவிடும். தேதி, நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தவர்கள், நீங்கள் அளித்த பதில் ஆகியவற்றை அன்றைக்கே குறித்துக்கொண்டால் போதும்.

தெரிவிக்கும்போது கோரிக்கையைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். "மேலாளர் ஊழல் செய்கிறார்" என்பது உங்கள் முடிவு. "இத்தனையாம் தேதி, சரக்கு வந்து சேராத பில்லில் வந்துவிட்டதாகக் கையெழுத்திடச் சொன்னார், நான் இடவில்லை" என்பது நடந்தது. பின்னது தவறான புரிதலாக முடிந்தாலும் உங்களைப் பொய்யராக்காது. கண்டது எது, கேள்விப்பட்டது எது என்பதையும் பிரித்துக் காட்டுங்கள்.

யாரிடம் என்ற கேள்விக்கு விதி எளிது: கோரிக்கையோடு தொடர்பில்லாத, அதை விடுத்தவரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவரிடம். மேலாளருக்கு மேலிருப்பவர், உள் தணிக்கை, சட்டப் பிரிவு, புகாருக்கென்றே உள்ள தொலைபேசி எண் என்று வழிகள் பல. நிதித் தலைமையே சம்பந்தப்பட்டிருந்தால் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவை அணுக வேண்டும். 2002-இல் அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனத்தில் உள் தணிக்கைத் தலைவராக இருந்த சிந்தியா கூப்பர், தணிக்கையைத் தள்ளிவைக்குமாறு தலைமை நிதி அதிகாரி கேட்டபோது நிறுத்தாமல் தணிக்கைக் குழுவிடமே சென்றார்; அதன் பின் 380 கோடி டாலர் அளவுக்கான கணக்கு முறைகேடு வெளிவந்தது. மேலிடம் சொன்னபடி அந்தப் பொய்ப் பதிவுகளைச் செய்த கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு, மனமில்லாமலே செய்தவர் என்றபோதிலும், பின்னர் 5 மாதச் சிறை கிடைத்தது. "மேலிடத்து உத்தரவு" என்ற சொல் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதை எண்ணிப் பார்க்க அது ஒன்றே போதும்.

புகார் கொடுத்த தேதியையும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் பத்திரமாக வையுங்கள். எத்தனை நாள் காத்திருப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், முறைகேடுகளைத் தெரிவிப்போரின் பாதுகாப்புக்கான 2019-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறை, புகாரைப் பெற்றதாக 7 நாட்களுக்குள் ஒப்புதலும், எடுத்த நடவடிக்கை பற்றி ஒப்புதலுக்குப் பிறகு 3 மாதங்களுக்குள் பதிலும் தரச் சொல்கிறது. எல்லா நாடுகளுக்கும் பொருந்தாது என்றாலும் நியாயமான கால அளவு அது. பழிவாங்கல் வராது என்று நான் சொல்லமாட்டேன். திடீர் இடமாற்றமோ மோசமான மதிப்பீடோ வரலாம். ஆகவே முந்தைய நல்ல மதிப்பீடுகள் எவையென்று குறித்து வைத்திருங்கள், வெளி அமைப்புகளுக்கோ ஊடகத்துக்கோ போகுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள். சட்டப் பாதுகாப்பு பல நாடுகளில் யாரிடம் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

ஏற்கெனவே ஒருமுறை இணங்கிவிட்டவர்களே வாய் திறக்க அதிகம் அஞ்சுகிறார்கள், அவர்களை மறுமுறை கேட்பதும் அதனால்தான் எளிதாகிறது. முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, செய்ததையும் மறைக்காமல் சேர்த்தே தெரிவியுங்கள். இரண்டாவது கையெழுத்துக்கு முன் சொல்வதும் பத்தாவது கையெழுத்தில் பிடிபடுவதும் ஒன்றல்ல.