‘டயல் எம் ஃபார் மர்டர்’: சாவியைப் பின்தொடர்ந்து படிக்கும் முறை

ஃபிரெடரிக் நாட் எழுதிய இந்தக் கொலை நாடகத்தையும் அதன் தொடக்கக்காலத் தொலைக்காட்சி வடிவங்களையும் சேர்த்துப் படிக்க விரும்புவோர் முதலில் ஆண்டு வரிசையைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மேடைக்காக எழுதப்பட்டதுதான் என்றாலும், தயாரிப்பாளர்கள் பலர் கைவிரித்துவிட்டதால் இது முதலில் பார்வையாளர்களைச் சென்றடைந்தது தொலைக்காட்சி வழியாகவே. 1952 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை அன்று பிபிசி இதை ஒளிபரப்பியது. அதற்குப் பிறகு, ஜூன் மாதத்தில்தான் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரங்கில் மேடையேறியது. அக்டோபரில் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேக்குச் சென்று 552 காட்சிகள் ஓடியது. ஆகவே மேடையை மூலமாகவும் தொலைக்காட்சியை நகலாகவும் எண்ணிக்கொண்டு ஒப்பிடத் தொடங்கினால், முதல் படியிலேயே கணக்குத் தவறிவிடும்.

நாடகப் பிரதியைக் கையில் எடுத்ததும் பாத்திரப் பெயர்களைப் பாருங்கள். கொலைக்கு இலக்காகும் மனைவியின் பெயர் ஷீலா என்று இருந்தால் அது இங்கிலாந்து வடிவம். மார்கோ என்று இருந்தால் அமெரிக்க வடிவம். அவளுடைய நண்பன் நாடகத்தில் மேக்ஸ், இதை வைத்து இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1954-இல் எடுத்த படத்தில் மார்க். இதைக் குறித்துக்கொள்ளாமல் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் படித்தால் ஆள் யார் என்பதிலேயே குழப்பம் வரும்.

அடுத்து, ஒரு தாளில் அறையின் வரைபடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று அங்கங்களும் லண்டனில் உள்ள ஒரு தரைத்தளக் குடியிருப்பின் கூடத்திலேயே நடக்கின்றன. வாசல் கதவு, அதற்கு வெளியே கம்பளம் விரித்த மாடிப்படி, எழுதுமேசை மேல் தொலைபேசி, அதன் பின்னால் திரைச்சீலை போட்ட சன்னல்: இந்த நான்கும் போதும். மற்ற அறைகலன்களுக்காக நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

இனிதான் உண்மையான வேலை. (கதை முடிவு இங்கே வெளிப்படுகிறது, நாடகத்தை வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வருவது நல்லது.) மனைவியைக் கொல்ல ஆள் அமர்த்துபவன் கணவன் டோனியே என்பது முதல் அங்கத்திலேயே தெரிந்துவிடுவதால், இந்த நாடகத்தில் பார்வையாளரைக் கட்டிப்போடுவது ஆள் அல்ல, பொருள், அதாவது ஒரு வீட்டுச் சாவி. 1985-இல் இதே கதையைத் தழுவிச் சத்யராஜ் நடிப்பில் வந்த தமிழ்ப் படத்துக்குச் ‘சாவி’ என்றே பெயர் வைத்தவர்கள் விஷயம் புரிந்தவர்கள். நான் முதல்முறை வாசித்தபோது மூன்றாம் அங்கத்தில் எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் சமையலறை மேசைமேல் மூன்று சாவிகளை வைத்துத்தான் தெளிவு பெற்றேன். அதையே நீங்களும் செய்யலாம்.

மனைவியின் சாவிக்குச் சிவப்பு நூலும் கணவன் டோனியின் சாவிக்கு நீல நூலும் கட்டுங்கள். கூலிக்குக் கொலை செய்ய வருபவனுடைய சொந்த வீட்டுச் சாவிக்கு நூல் வேண்டாம். டோனி சிவப்புச் சாவியை மனைவியின் கைப்பையிலிருந்து எடுத்து மாடிப்படிக் கம்பளத்தின் அடியில் வைக்கிறான். வந்தவன் அதை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே நுழையும் முன்பே பழைய இடத்தில் வைத்துவிடுகிறான். பிறகு அவளுடைய கத்தரிக்கோலுக்கு அவனே பலியாகிறான். அவன் சட்டைப்பையில் கிடந்த நூலில்லாச் சாவியை டோனி தன் மனைவியுடையது என்று நினைத்து அவளது கைப்பையில் போடுகிறான். சிவப்புச் சாவி கம்பளத்தின் அடியிலேயே கிடக்கிறது. கணவனின் மழைக்கோட்டைத் தந்திரமாக மாற்றி நீலச் சாவியை இன்ஸ்பெக்டர் ஹப்பர்ட் தன்வசப்படுத்தும்போது, டோனிக்குக் கதவைத் திறக்க மிஞ்சியிருக்கும் ஒரே வழி கம்பளம்தான்; அங்கிருந்து சாவியை எடுத்ததும் அவன் குற்றம் வெளிப்பட்டுவிடுகிறது. கையால் நகர்த்திப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

சாவி விளங்கிய பிறகு, டோனி கைப்பையிலிருந்து சாவியை எடுக்கும் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள். மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கு விரல் நுனியில் உள்ள சாவி தெரியாது. எனவே நடிகர் உடலைத் திருப்பும் விதம், உரையாடலில் விழும் இடைவெளி, கதவு திறந்து மூடும் நேரம் ஆகியவற்றால்தான் அதைச் சொல்ல முடியும். தொலைக்காட்சியில் ஒரு நெருக்கக் காட்சி போதும். ஆனால் 1952-இல் நாடகங்கள் நேரலையாகவே நடந்தன. நடிகர் விரலைத் தவறான இடத்தில் வைத்தால் மறுபடி எடுக்க வழியில்லை. கேமராவின் முன்பக்கத்தில் சுழலும் தட்டில் பொருத்திய லென்ஸ்களை, வேறொரு கேமராவின் படம் ஒளிபரப்பாகும்போதுதான் மாற்றியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு நெருக்கக் காட்சிக்கும் முன்னால் எந்தக் கேமரா படம் தருகிறது என்பதையும் உங்கள் தாளில் எழுதுங்கள். அன்றைய நேரலைகள் பெரும்பாலும் பதிவுசெய்யப்படவில்லை என்பதால், பிபிசி வடிவத்தை அணுக இந்தப் பயிற்சியை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

1958-இல் அமெரிக்காவின் என்பிசி, ஹால்மார்க் ஹால் ஆஃப் ஃபேம் என்ற தொலைக்காட்சி நாடக வரிசையில், ஜார்ஜ் ஷேஃபர் இயக்கத்தில் இதை வழங்கியது. பிராட்வேயில் டோனியாக நடித்த மாரிஸ் எவன்ஸும் ஹப்பர்டாக நடித்த ஜான் வில்லியம்ஸும் இதிலும் நடித்தனர். மேடையில் நூற்றுக்கணக்கான முறை சொல்லிய வசனத்தைக் கேமராவுக்காக அவர்கள் எவ்வளவு தணித்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதை, பிரதியில் நீண்ட வசனங்களை வாய்விட்டு இருமுறை, உரக்கவும் மெதுவாகவும், படித்து உணரலாம்.

ஹிட்ச்காக் படத்தைக் கடைசியில் பாருங்கள். முன்பே பார்த்துவிட்டால் அதில் மனைவியாக நடித்த கிரேஸ் கெல்லியின் முகம் எல்லா வடிவங்களையும் மறைத்துவிடும். திரைக்கதையையும் நாட் எழுதினார் என்பதால் அறையை விட்டு அது அதிகம் வெளியேறுவதில்லை. நாடகத்தில் இரண்டாம், மூன்றாம் அங்கங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துவிடும், மனைவி மீதான கொலை வழக்கு விசாரணை, படத்தில் நிறம் மாறும் பின்னணியில் அவள் முகமாக மட்டும் வருகிறது. இறுதியில் சிவப்புச் சாவி பூட்டில் திரும்பும்போது கேமரா கதவுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, உங்கள் அறை வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.