ஆபீஸ் பை வாங்கும்போது ஆண்கள் செய்யும் தவறுகள்

கடையில் தொங்கும் பைகள் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். உள்ளே காகிதத்தைச் சுருட்டித் திணித்து, உப்பலாக நிற்க வைத்திருப்பார்கள். அதைத் தோளில் மாட்டி, கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, ஜிப்பை இரண்டு முறை இழுத்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறோம். திங்கள்கிழமை காலை லேப்டாப், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் உள்ளே போன பிறகுதான் பையின் குணம் தெரியவரும். வெறும் பையைப் பார்த்து வாங்குவதுதான் மூலத் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை.

எனவே தினமும் கொண்டுபோகும் சாமான்களை ஒரு கட்டைப்பையில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, செருப்பு வாங்கும்போது காலை நுழைத்துப் பார்க்கத்தானே செய்கிறோம். ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றே சீட்டைக் கிழிக்காமல் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, வீட்டுக்குள் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். ரிட்டர்ன் செய்யும் அவகாசம் அதற்குத்தான்.

எவ்வளவு கனம், எவ்வளவு இடம்

15.6 அங்குல லேப்டாப் 2 கிலோவை ஒட்டி வரும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ, ஸ்டீல் பாட்டிலின் கனம் தனி. சாதம், குழம்பு, பொரியல் என்று மூன்று அடுக்கு டிபன் 1 கிலோவைத் தாண்டிவிடும். சார்ஜர், குடை, சில்லறைச் சாமான்களையும் சேர்த்தால் 5 கிலோ வந்துவிடுகிறது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. பிள்ளைகளுக்கு வைத்த அளவுகோல்தான், ஆனாலும் நமக்கும் உதவும். 65 கிலோ ஆளுக்கு அது ஆறரை கிலோ. 1.5 கிலோ எடையுள்ள தோல் பையை வாங்கினால், கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. வெறும் பையின் எடை 1 கிலோவுக்குள் இருப்பது நல்லது.

இந்த 5 கிலோவை ஒற்றைத் தோளில் தொங்கவிடும் பையில் போடுவது இன்னொரு தவறு. சைடு பேக் மிடுக்காக இருக்கும், சரி. ஒரு டேப்லெட், ஒரு நோட்டு, பர்ஸ் என்றால் தாராளமாக மாட்டலாம். லேப்டாப்பும் சாப்பாடும் உண்டென்றால் இரண்டு தோளிலும் மாட்டும் பேக்பேக்தான்.

கொள்ளளவை லிட்டரில் போட்டிருப்பார்கள். ஆபீஸுக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். "ஊருக்குப் போகவும் ஆகும்" என்று 35 லிட்டர் வாங்குபவர்கள் நிறைய. மாதம் ஒரு முறை ஊருக்குப் போவதற்காக மற்ற நாளெல்லாம் மூட்டை சுமப்பானேன்? காலி இடம் காலியாகவும் இருக்காது. எழுதாத பேனா, போன தீபாவளி பில், எப்போதோ வாங்கிய மாத்திரை அட்டை எல்லாம் அடியில் போய்ச் சேரும். மாலையில் வழியில் காய்கறி வாங்கும் பழக்கம் இருந்தால், அதற்காகப் பெரிய பை வேண்டாம், ஒரு மஞ்சப்பையை மடித்து உள்ளே போட்டுவையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது.

லேப்டாப்பே இல்லாதவர்கள் பழக்க தோஷத்தில் லேப்டாப் பை வாங்குவதும் உண்டு. போன், பர்ஸ், சாவி, கண்ணாடிக் கூடு மட்டும் என்றால், ஒற்றைப் பட்டையை நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டும் ஒரு சின்ன ஸ்லிங் பேக் போதும். பையே வேண்டாமென்று எல்லாவற்றையும் பின்பாக்கெட்டில் அடைப்பதற்கு அது எவ்வளவோ மேல். தடித்த பர்ஸின் மேல் உட்கார்வதால் இடுப்பிலிருந்து கால் வரை நரம்பு வலி வருவதைப் பற்றி ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் 1978லேயே குறிப்பு வெளியிட்டிருக்கிறது.

இன்னொன்று, 15.6 அங்குலம் என்பது லேப்டாப் திரையின் மூலைவிட்டம், லேப்டாப்பின் அகலம் அல்ல. ஒரே அங்குலத்தில் பழைய மாடலும் புது மாடலும் சில செ.மீ. வேறுபடும். ஸ்கேலை வைத்து நீள அகலத்தை அளந்துகொண்டு போங்கள். அப்புறம், லேப்டாப் அறைக்குள் கையை விட்டு அடியைத் தொட்டுப் பாருங்கள். அந்த அறை பையின் அடிவரை போகாமல் இரண்டு மூன்று செ.மீ. மேலேயே நின்றுவிட வேண்டும். அடிவரை போனால், பையைத் தரையில் பொத்தென்று வைக்கும் ஒவ்வொரு முறையும் அடி விழுவது லேப்டாப்பின் விளிம்பில்.

ரசமும் லேப்டாப்பும்

பெரும்பாலான பேக்பேக்குகளைத் தட்டையான பொருளை மனதில் வைத்தே தைத்திருக்கிறார்கள். புத்தகம், ஃபைல், லேப்டாப், அவ்வளவுதான். நம் டிபன் பாக்ஸோ உருண்டை, 13 - 15 செ.மீ. விட்டம். பையின் ஆழம் 12 செ.மீ. என்றால் டிபன் நிமிர்ந்து நிற்காது, படுத்துக்கொள்ளும். படுத்த டிபனிலிருந்து ரசம் எப்படியும் வழி கண்டுபிடித்துவிடும்.

நடுவில் தடுப்பு இருக்கிறதே என்பார்கள். துணித் தடுப்பு பொருள்களைத்தான் பிரிக்கும், குழம்பைப் பிரிக்காது. சாப்பாட்டுக்குச் சின்னதாகத் தனிப் பை வைத்துக்கொள்வதே என் கட்சி. ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு முன்னால் கொக்கி இருக்கவே இருக்கிறது. ஒரே பைதான் வேண்டும் என்றால், அடிப்பாகம் 15 செ.மீ.க்குக் குறையாத பையாகப் பார்த்து, டிபனை லேப்டாப்புக்கு அடுத்த அறையில் வைக்காமல் முன் அறையில் நிற்க வையுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு வெளியே பக்கவாட்டுப் பாக்கெட் அவசியம். அது பாட்டிலின் பாதி உயரமாவது வர வேண்டும். ஆழமில்லாத வலைப் பாக்கெட்டில் வைத்தால் முதல் ஸ்பீடு பிரேக்கரில் பாட்டில் சாலையில் உருளும்.

போகும் வழி

பைக் ஓட்டுபவர்கள் ஸ்லிங் பேக்கை மாட்டினால், குனியும்போது அது முதுகிலிருந்து நழுவி டேங்க்குக்கு வந்துவிடும். யூ டர்ன் அடிக்கும்போது ஹேண்டிலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பேக்பேக் என்றாலும் பட்டையை நீளமாக விட்டு இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது தப்பு. கனம் முதுகை விட்டு விலகி, தோளைப் பின்னால் இழுக்கும். தொங்கும் பட்டை நுனிகளைச் சுருட்டிக் கட்டுங்கள், சக்கரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கிளிப் இருந்தால் வளைவுகளில் பை ஆடாது. இரவில் வீடு திரும்புபவர்கள் முழுக் கறுப்புப் பையைத் தவிர்க்கலாம், அல்லது வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை உள்ளதாக வாங்கலாம்.

கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலிலோ மாநகரப் பேருந்திலோ போகிறவர்கள் கூட்டத்தில் பையை முன்பக்கம் திருப்பிக்கொள்வார்கள், அல்லது கையில் பிடிப்பார்கள். அவர்களுக்கு மேல் கைப்பிடி முக்கியம். பை கிழிவது பெரும்பாலும் அங்கேயும் தோள்பட்டை சேரும் இடத்திலும்தான். அந்த இடங்களில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒற்றைத் தையல் என்றால் வேண்டாம்.

மழைக்கு வருவோம். "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்ற சீட்டை நம்பி அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் ஓட்ட முடியாது. துணி தாங்கினாலும் ஜிப் வழியாகவும் தையல் துளைகள் வழியாகவும் தண்ணீர் இறங்கும். ரெயின் கவர் போட்டாலும் முதுகை ஒட்டிய பக்கம் திறந்தே இருக்கும், கழுத்து வழியாக ஓடும் தண்ணீர் அந்த வழியில் உள்ளே போகும். லேப்டாப்பை உள்ளேயே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டுவிடுவது நிச்சயமான வழி. தண்ணீர் தேங்கிய சாலையில் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் பையை வைக்காதீர்கள்.

துணி, தோல், ஜிப்

600 டெனியர், 1000 டெனியர் என்று சீட்டில் இருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். எண் பெரிதானால் நூல் தடிமன், அவ்வளவே. நூல் எது என்பதும் முக்கியம். நைலான் உரசலைத் தாங்கும், பாலியஸ்டர் வெயிலைத் தாங்கும். 420 டெனியர் நல்ல நைலான், 600 டெனியர் மட்டமான பாலியஸ்டரைவிட நாள்பட உழைக்கலாம்.

துணியின் உட்புறம் பூசியிருப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றின் ஈரம் அதை மெல்லச் சிதைக்கும். பரணில் போட்டு வைத்த பை சில வருடம் கழித்துப் பிசுபிசுத்து, பொடிப்பொடியாக உதிர்வது அதனால்தான். நல்ல பையைப் பத்திரப்படுத்துகிறேன் என்று பூட்டி வைப்பதும் ஒரு தவறுதான். வாஷிங் மெஷினில் போடுவது அதைவிட மோசம்.

தோல் பை ஆசை இருந்தால் சென்னைக்காரர்களுக்குப் பெரியமேடு பக்கத்திலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோலுக்குப் பேர்போன ஊர்கள். ஆனால் தோல் என்று ரெக்சினை வாங்கிவிடக் கூடாது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். தோலில் நாராகத் தெரியும், ரெக்சினில் துணியின் மேல் ஒரு பூச்சு தெரியும். "ஜெனுயின் லெதர்" முத்திரை மட்டும் தரத்தைச் சொல்லாது. தோல் துண்டுகளை அரைத்து ஒட்டிய "பாண்டட் லெதர்" சீக்கிரமே வெடித்து உரியும். நிஜத் தோலானாலும் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பாலித்தீன் உறையில் கட்டி வைத்தால் இன்னும் வேகமாகப் பிடிக்கும், துணிப் பையில் வையுங்கள்.

ஜிப்பில் 5, 8, 10 என்று அளவு உண்டு. பெரிய எண் என்றால் அகலமான பல். பெரிய அறைக்குக் குறைந்தது 8 இருக்கட்டும். ஜிப் மூடாமல் போனால் பெரும்பாலும் தேய்ந்திருப்பது ரன்னர் மட்டும்தான். தெருமுனையில் பை தைப்பவர் சொற்பக் காசில் அதை மாற்றித் தருவார். ஜிப் போச்சென்று பையையே தூக்கிப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

யூஎஸ்பி சார்ஜிங் வசதி என்று கூடுதல் விலை வைப்பார்கள். உள்ளே இருப்பது ஒரு வயர் மட்டும், பவர் பேங்க் நாம்தான் வாங்க வேண்டும். மழைத்தண்ணீருக்கு அது இன்னொரு ஓட்டை. நம்பர் பூட்டும் அப்படித்தான், நைலான் ஜிப்பைத் திறக்க ஒரு பால்பாயின்ட் பேனா போதும். அதற்கெல்லாம் கொடுக்கும் காசில் உள்துணி வெளிர் நிறமாக உள்ள பையைத் தேடலாம். கறுப்பு லைனிங்குக்குள் கறுப்புச் சார்ஜரைத் தேடுவது தனி வேதனை.

எம்ஆர்பி 3,000 ரூபாய், விலை 700 ரூபாய் என்றால் அது 700 ரூபாய்ப் பைதான், தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்காதீர்கள். வாரண்டியில் தயாரிப்புக் கோளாறு மட்டுமா, ஜிப்பும் பக்கிளும் சேருமா என்று படித்துப் பாருங்கள். தேய்மானத்தைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. பில்லின் அச்சு வெயிலில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.