இருபது எழுத்தில் ஒரு நிலா: லி பாய் கவிதையைப் பிரித்துப் படிப்பது எப்படி

சீனக் கவிஞர் லி பாய் (701–762) எழுதிய 'அமைதியான இரவின் நினைவு' வரிக்கு ஐந்து எழுத்தாக நான்கே வரி. சீனாவில் சின்னப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது, அதில் இரண்டு மாதம் தப்பான பாதை. நீங்கள் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அகராதியில் சீன எழுத்தைத் தேடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கவிதையின் சாரம் இதுதான்: படுக்கைக்கு முன்னால் நிலா வெளிச்சம், தரையில் உறைபனியோ என்று ஒரு சந்தேகம், தலை தூக்கினால் நிலா, தலை குனிந்தால் சொந்த ஊர் ஞாபகம்.

படி 1: மரபு எழுத்துக்கு மாறுங்கள்

அகராதிச் செயலியில் எளிமையாக்கிய எழுத்தை (கோடுகளைக் குறைத்த இன்றைய வடிவம்) அணைத்துவிட்டு, அதற்கு முந்தைய மரபு எழுத்தை வையுங்கள். கடைசி வரியின் கடைசி எழுத்து 'சியாங்', அதாவது ஊர். இதன் பழைய வடிவத்தில் நடுவில் ஒரு சோற்றுப் பாத்திரம், இரு பக்கமும் அதைப் பார்த்தபடி மண்டியிட்ட இரண்டு பேர். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைக் குறித்த எழுத்து, பிறகு ஊருக்கு ஆகிவந்தது. எளிமையாக்கியபோது பாத்திரமும் போனது, எதிரில் இருந்த ஆளும் போனார். மிஞ்சியது ஒரு ஓரம் மட்டும்.

கைப்பேசியில் பிளெக்கோ என்ற சீன அகராதிச் செயலி போதும். பழைய வடிவங்களை வரிசையாகப் பார்க்க விக்சனரி என்ற இணைய அகராதி. இயந்திர மொழிபெயர்ப்பு இந்த வேலைக்கு உதவாது. கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, எழுத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திரையில் பார்த்தது நிற்காது, கையால் எழுதியது நிற்கும்.

படி 2: எது ஒலி, எது பொருள்?

நான் வழுக்கி விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நான்காம் வரியில் வரும் 'நினை' என்ற எழுத்தின் மேலே வயல், கீழே இதயம். பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். ஊரை விட்டு வந்தவன் மனசில் வயல்! நோட்டில் ஒரு பக்கம் உருகி உருகி எழுதினேன். அப்புறம்தான் அதன் பழைய முத்திரை எழுத்து (பழங்காலச் சீன எழுத்துமுறை) வடிவத்தைப் பார்த்தேன். மேலே இருப்பது வயலே இல்லை, குழந்தையின் மண்டையில் இருக்கும் உச்சிக்குழியைக் குறிக்கும் எழுத்து. எழுதும் முறை மாறியபோது வடிவம் தேய்ந்து வயல்போல ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

'ஷுவாங்' (உறைபனி) இன்னொரு பொறி. மேலே மழை, கீழே மரமும் கண்ணும். மழையில் மரத்தைப் பார்க்கும் கண் என்று கதை கட்டத் தோன்றும். கட்டாதீர்கள். கீழே உள்ள மரம்-கண் ஜோடி 'சியாங்' என்று ஒலிக்கும் தனி எழுத்து, இங்கே ஒலி காட்ட வந்தது. பொருளுக்குப் பொறுப்பு மழை மட்டும். சீன எழுத்துகளில் பெரும்பான்மை இப்படித்தான், பாதி பொருள், பாதி ஒலி. ஒரு எழுத்தைப் பிரித்ததும் 'இதில் எது சத்தத்துக்கு?' என்று முதலில் கேளுங்கள்.

ஒலியைக் கவனித்தால் இன்னொன்றும் கிடைக்கும். முதல், இரண்டாம், நான்காம் வரிகள் குவாங், ஷுவாங், சியாங் என்று முடிகின்றன. நம் இயைபுத் தொடைதான். வெளிச்சம், உறைபனி, ஊர். கவிதை நடந்த வழி முழுக்க அந்த மூன்று சொல்லில் இருக்கிறது.

படி 3: மூலக் கதையைச் சரிபாருங்கள்

சீன அறிஞர் ஷூ ஷென் கி.பி. 100 வாக்கில் தொகுத்த 'ஷுவோவென்' அகராதியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நல்ல நூல். ஆனால் ஆமை ஓட்டிலும் எலும்பிலும் கீறிய மிகப் பழைய எழுத்துகளை அவர் பார்த்ததில்லை. அவை இன்னதென்று அறிஞர்களுக்குத் தெரிந்ததே 1899-இல்தான். அதனால் அவர் விளக்கத்தையும் எலும்பு வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாம் வரியில் வரும் 'நோக்கு' என்ற எழுத்தின் எலும்பு வடிவத்தில் ஒரு ஆள் எழும்பி நிற்கிறார், தலை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கண். நிலா பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. அதே எழுத்துக்குப் பௌர்ணமி என்றும் பொருள் உண்டு. அதற்காக லி பாய் பார்த்தது பௌர்ணமி நிலா என்று அடித்துச் சொல்ல முடியாது.

படி 4: படுக்கையா, கிணறா?

முதல் எழுத்து 'ச்சுவாங்'. இன்றைக்குக் கட்டில். பழைய வழக்கில் அமரும் ஆசனத்துக்கும், கிணற்றைச் சுற்றிய தடுப்புக்கும் இதே சொல் உண்டு. கிணற்றுத் தடுப்பு என்று எடுத்தால் அவர் முற்றத்தில் நிற்கிறார், தலை தூக்கினால் நேரே வானம். ஊரைவிட்டுப் போவதைச் சீனத்தில் 'கிணற்றுக்கு முதுகு காட்டி ஊர் நீங்குவது' என்பார்கள். என் ஓட்டு கிணற்றுக்கு. அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், நீங்களும் ஒரு பக்கம் சேரலாம்.

பின்சேர்க்கை: 'என் ஜப்பானியப் பதிப்பில் மூன்றாம் வரியில் மலைநிலா என்று இருக்கிறதே?' என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் கையில் இருப்பதுதான் பழைய பாடம். சொங் அரச மரபுக் காலப் பதிப்புகளில் முதல் வரியில் 'நிலவொளி பார்க்க', மூன்றாம் வரியில் 'மலைநிலா'. இரண்டு இடத்திலும் 'ஒளிநிலா' என்று வரும் வடிவம் பிற்காலத் தொகுப்புகள் பரப்பியது. 'ஒளிநிலா'வில் வரும் 'மிங்' (ஒளிரும்) என்ற எழுத்தின் ஒரு பழைய வடிவம் ஜன்னலும் நிலாவும் என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன், நீக்கிவிட்டேன். பழைய பாடத்தில் அந்த எழுத்தே கிடையாது! முதல் வரியில் அந்த இடத்தில் இருக்கும் 'பார்' என்ற எழுத்தில் கண்ணுக்கு மேல் ஒரு கை. ஆகவே எழுத்தைப் பிரிக்கும் முன் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இதைப் படி 0 என்று போட்டிருக்க வேண்டும்.

படி 5: தமிழில் எழுதிப் பாருங்கள்

மூலத்தில் 'நான்' எங்குமே இல்லை. தமிழில் 'நோக்குகிறேன்' என்றதும் வினை விகுதியிலேயே ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். அவரை வெளியே அனுப்பத்தான் அதிகம் மெனக்கெட்டேன். இப்போதைக்கு என் நோட்டில் இருப்பது:

கிணற்றடி முன்னே நிலவொளி
தரையில் படிந்த உறைபனியோ
தலை நிமிர மலைநிலா
தலை தாழ ஊர் நினைவு

முதல் வரியில் 'பார்' விட்டுப்போயிருக்கிறது. கண்ணுக்கு மேல் வைத்த அந்தக் கையை எங்கே நுழைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.