இயற்பியல் ஆய்வுக்குத் தலைப்பு எடுப்பது எப்படி?

கருந்துளை, குவாண்டம் கணினி என்று பெரிய தலைப்போடு வரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது: "இதில் நீ எதை மாற்றுவாய், எதை அளப்பாய்?" இரண்டுக்கும் பதில் வேண்டும்.

நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்ட தனி ஊசலையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளத்தை மாற்றிப் பார்ப்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விடுங்கள். தொடக்கக் கோணத்தை மாற்றுங்கள். சிறிய கோணங்களுக்கான வழக்கமான சூத்திரம் சொல்வதைவிட அலைவு நேரம் (ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரம்) 30 டிகிரியில் சுமார் 1.7 சதவீதமும், 60 டிகிரியில் சுமார் 7 சதவீதமும் கூடும். ஒரு மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரமே ஏறக்குறைய 2 நொடிதான். ஒற்றை அலைவில் இந்த வித்தியாசம் ஸ்டாப்வாட்சுக்குச் சிக்காது. பத்து அலைவுகளைச் சேர்த்து அளக்கலாம், ஆனால் அதற்குள் கோணம் குறைந்துவிடுமே! எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது. நல்ல ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம், தலைப்பை முடிவு செய்யும் முன் ஒரே அளவை ஐந்து முறை எடுத்துப் பாருங்கள். நீங்கள் தேடும் மாற்றத்தைவிட அவற்றின் சிதறல் பெரிதாக இருந்தால், அளக்கும் முறையையோ கேள்வியையோ மாற்றுங்கள்.