தானியங்கி கார் வாஷில் கார் சேதமடைந்தால்

தானியங்கி கார் வாஷிலிருந்து வெளியே வந்ததும் காரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டுக் கண்ணாடி முறிந்தோ, வண்ணப்பூச்சில் கீறல் விழுந்தோ இருந்தால் அந்த வளாகத்தை விட்டு நகரவே வேண்டாம். வெளியேறிய பிறகு சொன்னால், "வேறெங்கோ இடித்திருப்பீர்கள்" என்ற பதில்தான் கிடைக்கும்.

சேதத்தை அருகிலும் தூரத்திலும் படமெடுங்கள். சுழலும் தூரிகை உண்டாக்கும் கீறல்கள் பெரும்பாலும் ஒரே திசையில், இணைகோடுகளாக இருக்கும். அந்த வடிவம் படத்தில் தெளிவாகத் தெரியட்டும். மேலாளரை அழைத்துக் காட்டி, புகாரை எழுத்தில் பதியச் சொல்லி நகல் வாங்குங்கள். கண்காணிப்புக் கேமரா பதிவைப் பாதுகாத்து வைக்கும்படியும் அன்றே எழுதிக் கொடுங்கள். சில நாட்களில் அதன் மேல் புதிய பதிவு ஏறி, உங்களுடைய வலுவான சான்று அழிந்துவிடலாம். ரசீதும் பத்திரம்.

"சேதத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்துப் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிறது. இயந்திரக் கோளாறோ ஊழியரின் கவனக்குறைவோ காரணமென்றால், பல நாடுகளின் சட்டங்களில் அந்தப் பலகை மட்டுமே நிறுவனத்தைக் காப்பாற்றிவிடாது. ஆனால், ஏற்கெனவே தளர்ந்திருந்த பாகமோ, மடக்காமல் விட்ட ஆன்டெனாவோ உடைந்திருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகும்.

பழுதுபார்க்கும் செலவுக்கு இரண்டு பணிமனைகளில் எழுத்துமூலமான மதிப்பீடு வாங்கி, தொகையைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்புங்கள். மறுத்தால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது. காப்பீட்டில் கோருவதற்கு முன், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் சலுகைக் கழிவு (நோ கிளெய்ம் போனஸ்) போய்விடுமா என்று விசாரியுங்கள்.